தந்தையார் விட்டுச்சென்ற மோரிஸ் மைனர்: முழுதாகப் பிரித்துச் செய்வதா, ஓடவைத்தால் போதுமா?

சாம்பல் மைனர் (கேள்வி)

இங்குள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என் தந்தையார் 1968-இல் பழைய காராக வாங்கிய மோரிஸ் மைனர் 1000 ஒன்று, பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் பதினான்கு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. 1960-ஆம் ஆண்டு தயாரிப்பு, நான்கு கதவுகள், 948 சிசி இஞ்சின், சாம்பல் நிறம். கதவுத் தூணிலிருந்து கைபோல நீண்டு திசை காட்டும் பழைய சமிக்ஞை விளக்குகளில் இடப்பக்கத்துக் கை மட்டும் விரலால் தூக்கினால் இன்றும் எழும்புகிறது.

அப்பா நிபோங் திபாலுக்கு அருகில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார். திங்கள் விடியலில் ஃபெரியில் காரை ஏற்றி அக்கரை போவார். வெள்ளி மாலை திரும்பி வருவார். கார் வந்துவிட்டது என்பதை வாசலில் அது அணைவதற்கு முன் எழுப்பும் சத்தத்தைக் கொண்டே அடுப்படியில் இருக்கும் அம்மா அறிந்துகொள்வார். அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் முன்பக்கப் பெட்டியைத் திறந்தபோது அவருடைய குறிப்பேடு கிடைத்தது. பெட்ரோல் நிரப்பிய ஒவ்வொரு நாளும், ஓடிய மைலும், கொடுத்த வெள்ளியும் சென்டும் அவருடைய கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் கணக்கு எதுவும் இல்லை. ‘முன் இடது சக்கரம், கிரீஸ் வைக்க வேண்டும்’ என்ற ஒரு வரி மட்டுமே இருக்கிறது.

நான் கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறைதான் ஊருக்குப் போகிறேன். இங்கே ஒரு பட்டறையில் படங்களைக் காட்டியபோது, உடலை வெறும் தகடாகச் சுரண்டி, இரட்டை நிறம் அடித்து, நிசான் 1200 இஞ்சினைப் பொருத்தி, இருக்கைகளுக்குத் தோல் உறை போட்டுக் கொடுக்க 38,000 ரிங்கிட் ஆகும் என்றார்கள். அம்மாவோ எதையும் மாற்றக் கூடாது என்கிறார். அக்காவுக்கு விற்றுவிட்டால் நல்லது என்ற எண்ணம். அக்காவின் மகன், காரைப் பளபளப்பாக்கினால் திருமணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஓட்டுநர் காலடியில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டர்வொர்த் ஃபோர்மன்

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். யார் வந்து ஆசை காட்டினாலும், அந்தக் காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கவும் விடாதீர்கள். பதினான்கு ஆண்டு நின்ற இஞ்சினில் சிலிண்டர் சுவரோடு பிஸ்டன் வளையங்கள் துருவால் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் வலுக்கட்டாயமாகச் சுழற்றினால், ஒரு வாரம் பொறுத்திருந்தால் எண்ணெயாலேயே விடுபட்டிருக்கும் வளையம் உடைந்து சுவரைக் கீறிவிடும். தாமாகச் செத்த மைனர் இஞ்சின்களை விட இப்படி அவசரத்தால் செத்தவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

செய்யவேண்டியது இதுதான். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயைச் சிறிது ஊற்றி, துணியால் மூடி, அடுத்த முறை ஊருக்கு வரும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். மைனருக்கு முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுழற்றும் வசதி உண்டு. அந்தக் கைப்பிடி பெரும்பாலும் பின்பெட்டியில் கிடக்கும். பிளக்குகள் இல்லாத நிலையில், கியர் நியூட்ரலில் இருக்க, அதை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிளக் மாட்டிய இஞ்சின் என்றைக்காவது பின்னோக்கி உதைத்தால் கட்டைவிரல் எலும்பு தப்ப வேண்டும். அந்தப் பழக்கம் இன்றைக்கே வரட்டும்.

அடுத்து, உங்கள் தந்தையார் எழுதி வைத்த அந்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஏதோ மறந்துபோன சில்லறை வேலை என்று நினைத்துவிடாதீர்கள்; மைனரில் உயிருக்கு ஆபத்தான இடம் என்று ஒன்று இருந்தால் அது அதுதான். முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை ‘டிரன்னியன்’ என்ற உலோகக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். காரின் முன்பாரம் அந்த மரைகளின் வழியாகவே சக்கரத்துக்கு இறங்குகிறது. கிரீஸ் காய்ந்து, மழைநீரும் மணலும் புகுந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு கட்டையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். எனக்கே நேர்ந்திருக்கிறது. பாலிக் புலாவ் மலைப்பாதையில் இறங்கி வந்து, காப்பிக் கடை முன்னால் நிறுத்துவதற்காகத் திருப்பியபோது, வலது முன்சக்கரம் பக்கவாட்டில் மடிந்து மட்கார்டுக்குள் புகுந்துகொண்டது. நடை வேகத்தில் நடந்ததால் காப்பி குடித்துவிட்டு யோசிக்க நேரம் இருந்தது. கால் மணி நேரத்துக்கு முன் மலை வளைவில் நடந்திருந்தால் கீழே ஜாதிக்காய்த் தோப்புதான். ஆகவே ஜாக்கி போட்டுத் தூக்கி, தாங்கிகள் வைத்து, ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறிய ‘டொக்’ சத்தம் கேட்டாலும் இரண்டு பக்கமும் புதிது போட்டுவிடுங்கள். போட்ட பிறகு, மாதம் ஒருமுறை கிரீஸ் துப்பாக்கியோடு காருக்கு அடியில் படுப்பது உங்கள் கடமை.

காலடி ஓட்டைக்கு வருகிறேன். இந்தக் காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே உடலோடு சேர்ந்து ஓடும் நீள விட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி, ஒரு சிறு மூடியைத் திறந்துதான் எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த இடத்தில் துரு பிடித்திருக்கிறது என்றால் தரையோடு விஷயம் நின்றிருக்காது. கனமான திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, முன் இருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் பீம், பின் பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடம் ஆகியவற்றைக் குத்திப் பாருங்கள். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே எலும்பு. மேலே எவ்வளவு மினுமினுப்பாகச் சாயம் பூசினாலும் அடியில் தகடு மக்கியிருந்தால் அது கார் ஆகாது. பளபளப்பான காரைப் பார்க்கப் போகும்போது மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது என் வழக்கம். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் தகடு இல்லை, ஓட்டையை மூடிய பட்டிப் பசைதான். உங்கள் கார் கடற்கரையில் இல்லாமல் ஆயர் ஈத்தாம் பக்கம் நின்றது ஒரு நல்ல காலம், உப்புக்காற்று அவ்வளவாக எட்டியிருக்காது.

38,000 ரிங்கிட் பற்றி என் கருத்து: அந்தப் பட்டறைக்காரர் சொன்ன வரிசையில் பிரேக் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முதலில் தகடு, பிறகு பிரேக், பிறகு முன்சக்கரம், பிறகு எரிபொருள் வழி, பிறகு மின்கம்பிகள். சாயத்தை யாரும் கேட்கவில்லை. பழைய சாயம் ஓரளவு நின்றிருந்தால் கழுவி, மெழுகிட்டு விடுங்கள். உங்கள் தந்தையார் எங்கேனும் தூரிகையால் தொட்டு மறைத்த இடம் இருந்தால் அதையும் விட்டுவைக்கலாம். ஒருமுறை சுரண்டிவிட்டால் அந்தக் கைவேலை திரும்பி வராது.

பாகங்களுக்குப் பயப்பட வேண்டாம். 1948 முதல் 1970-களின் தொடக்கம்வரை 16 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. பிரிட்டனில் பத்து லட்சத்தை எட்டிய முதல் காரும் இதுவே. டிரன்னியன், பிரேக் சிலிண்டர், கதவடித் தகடு எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து பிரிட்டனிலிருந்து அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் இலங்கையிலும் இதற்குத் தகடு அடித்தார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரை ‘கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது’ என்று போட்டால் முனை மழுங்கி, அரை மணி வேலை அரை நாள் வேலை ஆகிவிடும்.

கிள்ளான் சாலைக்காரன்

ஃபோர்மன் ஐயாவின் அனுபவத்துக்கு முன் நான் சிறியவன்; இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். 948 சிசி இஞ்சினின் சக்தி 37 குதிரைத்திறன்தான். நண்பர் கோலாலம்பூரில் இருக்கிறார். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் பின்னால் வேகமாக வரும் லாரிகளும் பேருந்துகளும் இருக்க, மேட்டில் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டு போவது பாதுகாப்பா? என் மைனரில் ஏழு ஆண்டுகளுக்கு முன் நிசான் 1200 இஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கையும் போட்டேன். ஈப்போவுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போய், மதியத்துக்கு வீடு திரும்புகிறேன். கொட்டகையில் அசலாக நிற்பதை விட, இஞ்சின் மாறினாலும் சாலையில் ஓடுவது அந்தக் காருக்கு மரியாதை என்பது என் எண்ணம்.

செந்தூல் செல்வி

சாம்பல் மைனர் சகோதரருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது டட்சன் 120ஒய். ஆகவே மைனரின் உள் விவகாரங்களை ஃபோர்மன் அண்ணனிடமே விட்டுவிடுகிறேன். காகித விவகாரத்தில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் கிள்ளான் சாலைத் தம்பியின் யோசனையையும் எடைபோட உதவும்.

நான் 120ஒய் வாங்கியபோது இஞ்சின் மாற்றப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. விற்ற பட்டறைக்காரர் ‘கெரான் (வாகனப் பதிவுச் சான்று) சுத்தமாக இருக்கிறது’ என்றார். கெரான் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு இஞ்சினுக்கான கெரான். பெயர் மாற்றத்துக்காகப் பரிசோதனைக்குக் கொண்டுபோன அன்று, அதிகாரி விளக்கு அடித்து எண்ணைப் படித்துவிட்டு, கெரானைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பழைய இஞ்சின் எங்கே போனது, புதியது எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது தேடி அலைந்து முடிக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. இஞ்சினை மாற்றலாம், தவறில்லை. ஆனால் இறக்குமதிக் காகிதமோ விற்பனை ரசீதோ இல்லாத ‘ஹாஃப் கட்’ இஞ்சினை, அதாவது பாதியாக வெட்டி இறக்கிய வெளிநாட்டுப் பழைய காரிலிருந்து எடுத்ததை, மலிவு என்று பொருத்திவிடக் கூடாது. மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். நிறம் மாற்றினாலும் அப்படியே. அந்த இரட்டை நிற யோசனைக்கும் இது பொருந்தும். இன்னொரு சின்னக் கணக்கு: ஆயிரம் சிசிக்குள் இருக்கும் காருக்கு தீபகற்பத்தில் ஆண்டு சாலை வரி 20 ரிங்கிட். 1200 ஆக்கினால் 55. தொகை பெரிதில்லை, ஆனால் 20 ரிங்கிட் சாலை வரி கட்டுவதில் ஒரு தனிப் பெருமை இருக்கத்தான் செய்கிறது.

உங்களுக்கு இதைவிட முதன்மையான வேலை ஒன்று உண்டு. கெரானில் இன்னும் தந்தையாரின் பெயர்தானே இருக்கிறது? அப்படியானால் அந்தக் கார் சட்டப்படி அவருடைய சொத்துகளில் ஒன்று. அம்மாவோ நீங்களோ அக்காவோ தனியாகக் கையெழுத்திட்டு மாற்றவும் முடியாது, விற்கவும் முடியாது. இறந்தவரின் சொத்தைக் கையாள உரிமை தரும் சொத்து நிர்வாக ஆணை ஏற்கெனவே வாங்கியிருக்கிறீர்களா, அதில் கார் சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள். வீடு, நிலம், வங்கிச் சேமிப்பு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, ‘அது ஓடாத கார்தானே’ என்று இதை விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. எந்தப் பட்டறைக்கும் ஒரு காசு முன்பணம் கொடுப்பதற்கு முன், கெரானையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இலாகா முகப்பில் போய் நின்று, சாலை வரி இத்தனை ஆண்டு விடுபட்ட காரின் பதிவு இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பழைய பினாங்கு எண்ணோடு அந்தப் பதிவு உயிரோடு இருப்பது, புதுச் சாயத்தை விட மதிப்பானது.

அக்கா மகனின் திருமண வாடகை யோசனை வேண்டாம். தனியார் காராகப் பதிவான வாகனத்தைக் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற உரிமம் வேண்டும். தனியார் காப்புறுதியிலும் வாடகைப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும். ஏதாவது நேர்ந்தால் கைச்செலவுதான். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அன்பாகக் கொண்டுபோவது வேறு விஷயம், நான் போயிருக்கிறேன். ஒருமுறை, மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரக்காரர்கள் காருக்கு முன்னால் ஒரே ராகத்தில் லயித்து நின்றுவிட, நகராத காரின் வெப்பமானி முள் மேலேறிக்கொண்டே போனது. ‘அண்ணே, நடந்துகொண்டே வாசியுங்கள்’ என்று மாப்பிள்ளையே இறங்கிப் போய்க் கேட்டார். பூமாலையை ஒட்டுநாடாவால் ஒட்டவும் விடாதீர்கள். பழைய சாயம் நாடாவோடு சேர்ந்து வந்துவிடும்.

காப்புறுதியில், பிறருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஈடுகட்டும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் எளிதாகக் கிடைக்கும். முழுக் காப்புறுதி வேண்டுமென்றால், காரை மதிப்பீடு செய்து, ஒத்துக்கொண்ட தொகையை ஒப்பந்தத்தில் எழுதித் தரும் நிறுவனத்தைத் தேடுங்கள். சந்தை மதிப்பு என்று விட்டால், 1960-ஆம் ஆண்டு காருக்குக் கிடைக்கும் தொகையைக் கேட்டால் சிரிப்பு வரும்.

பட்டர்வொர்த் ஃபோர்மன்

கிள்ளான் சாலைத் தம்பி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். டிஸ்க் பிரேக் போட்டது நல்ல வேலை. அதை இஞ்சினுக்கு முன்னாலேயே செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு உங்கள் வழி சரி. ஆனால் சாம்பல் மைனர் தம்பியின் கார் பினாங்கில் இருக்கிறது, பினாங்கிலேயே இருக்கட்டும். தீவுக்குள் ஓடும் காருக்கு 37 குதிரை போதும். நிசான் கியர் பெட்டியை உட்காரவைக்கப் பெரும்பாலும் குறுக்குத் தகட்டை வெட்டுவார்கள். வெட்டியதை மறுபடி அசலாக்குவது பெரிய செலவு. அசல் இஞ்சின் சுழல்கிறதா என்றே தெரியாத இன்றைக்கு அந்த முடிவை எடுக்க அவசியம் இல்லை.

சாம்பல் மைனர்

அனைவருக்கும் நன்றி. இதற்கிடையே இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

செல்வி அக்கா சொன்னபடியே முதலில் காகிதம். நிர்வாக ஆணையில் காரைச் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்ப்பதற்காக வழக்கறிஞரிடம் அம்மாவும் அக்காவும் நானும் ஒன்றாகப் போனோம். வாடகைக்கு விட முடியாது என்று தெரிந்ததும் அக்கா மகனுக்குச் சற்று ஏமாற்றம்தான், ஆனால் திருப்புளியைக் கையில் கொடுத்துக் காருக்கு அடியில் அனுப்பியதும் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. கதவடித் தகடு இரண்டு பக்கமும் போய்விட்டது. குறுக்கு பீமும் பின் ஸ்பிரிங் தொங்கும் இடமும் கெட்டியாக இருக்கின்றன. இஞ்சின் தகட்டில் உள்ள எண்ணும் கெரானில் உள்ள எண்ணும் ஒன்றே. பெட்ரோல் தொட்டியின் அடி அடைப்பைத் திறந்தால் வார்னிஷ் வாசனையோடு தேன் நிறத்தில் ஏதோ வடிந்தது.

இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினோம். ‘டொக்’ கேட்டது. வலதில் கேட்கவில்லை. அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது.

எண்ணெய் ஊற்றி மூன்று வாரம் கழித்துக் கைப்பிடியைப் போட்டோம். முதலில் கல்போல நின்றது. ஃபோர்மன் ஐயா சொன்னதுபோல் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு நூலளவு விட்டுக்கொடுத்தது. பிறகு அரைச் சுற்று. பிறகு பிளக் துளைகளிலிருந்து பழுப்பு எண்ணெய் தெறிக்க ஒரு முழுச் சுற்று. என் சட்டை போயிற்று.

இரண்டு கேள்விகள். இடது டிரன்னியனை மட்டும் மாற்றினால் போதாதா? இந்தக் காரில் பேட்டரியின் நேர்முனைக் கம்பி உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. யாரோ தவறாக மாற்றிவிட்டார்களா?

பட்டர்வொர்த் ஃபோர்மன்

தவறு எதுவும் இல்லை தம்பி. அந்தக் காலத்து மைனருக்கு நேர்முனைதான் உடலோடு சேரும். வழக்கமான காரைப் போல மாற்றி இணைத்துவிடாதீர்கள். யாராவது ஜம்பர் கம்பி கொண்டுவந்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். ஓட்டுநர் பக்கம் கண்ணில் படும்படி ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

டிரன்னியன் இரண்டையும் மாற்றுங்கள். வலது பக்கத்துக்கும் அதே வயதுதான்.

இப்போது பெட்ரோல் வழி. தொட்டியைக் கழற்றிக் கழுவி, குழாய்களைப் புதிதாக்கி, கார்புரேட்டர் கிண்ணத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் பேட்டரியை மாட்ட வேண்டும். சாவியைத் திருப்பியதும் இஞ்சினை உடனே சுழற்றாமல், காது கொடுத்துக் கேளுங்கள். மின்சாரப் பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடிக்கும். கிண்ணம் நிரம்பியதும் மெதுவாகி நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, சாவியை அணைத்துவிடுங்கள். அடிக்கவே இல்லையென்றால் பம்பின் மேல் திருப்புளியின் கைப்பிடியால் மெதுவாக ஒரு தட்டு. உள்ளே ஒட்டிக்கொண்ட முனைகள் பெரும்பாலும் அதற்கே பிரிந்துவிடும். இப்போது கார்கள் ஃபெரியில் ஏறுவதில்லை, 2020 இறுதியோடு அது முடிந்தது. அதனால் நான் பாலம் வழியாக வருகிறேன். தகட்டு வேலைக்கு வெல்டிங் இயந்திரம் என்னுடையது, மின்சாரம் உங்கள் வீட்டுடையது. அடுத்த மாதம் எந்த ஞாயிறு என்று சொல்லுங்கள். அக்கா மகனையும் இருக்கச் சொல்லுங்கள், தகட்டை மறுமுனையில் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

சாம்பல் மைனர்

இரண்டாவது ஞாயிறு, ஐயா. கிரீஸ் துப்பாக்கி வாங்கிவிட்டேன். சாவியைத் திருப்பும்போது அம்மா அடுப்படியில் இருந்தால் போதும் என்கிறார்.